செயின் கைடு எது வாங்கலாம்? அதற்கு முன் சைக்கிளைக் கொஞ்சம் பார்க்கலாம்

செயின் சிக்கிக்கொண்ட மலைச் சைக்கிளைச் சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயிலில் ஏற்ற முடியாது. மடக்கு சைக்கிளுக்குத்தான் அனுமதி. புலாவ் உபின் தீவில் சிக்கினால் இன்னும் விசேஷம். கேத்தாம் தடத்திலிருந்து படகுத்துறை வரை தள்ளிக்கொண்டு வரவேண்டும், படகில் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருக்கவேண்டும், சாங்கியில் இறங்கியபின் சைக்கிளை ஏற்றிக்கொள்ளும் பெரிய டாக்சிக்கு அலையவேண்டும். இதை நான் ஒருமுறை முழுமையாக அனுபவித்திருக்கிறேன். வேர்கள் நிறைந்த ஓர் இறக்கத்தில் செயின் உள்பக்கம் விழுந்தது. நான் கவனிக்காமல் ஒரு மிதி மிதித்துவிட்டேன். பல்சக்கரத்துக்கும் சட்டகத்தின் பின்குழாய்க்கும் நடுவில் செயின் ஆப்பு அடித்ததுபோல் இறங்கிவிட்டது. கையில் கறை படாமலிருக்க இரண்டு காய்ந்த இலைகளை வைத்துப் பிடித்து இழுத்தேன், இலைதான் கிழிந்தது. மிதிகட்டையைத் தாங்கும் கையான கிராங்கைக் கழற்றியிருந்தால் வந்திருக்கும். அதற்கு வேண்டிய 8 மி.மீ. ஆலன் சாவி வீட்டு மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது.

ஆகவே, என் அக்கா மகன் புதிதாக வாங்கிய பழைய சைக்கிளைப் பற்றி, "மாமா, செஸ்நட் தடத்தில் ஒரே காலையில் மூன்று தடவை செயின் கழன்றுவிட்டது, எந்த செயின் கைடு வாங்கட்டும்?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. செயின் கழன்று விழாமல் காக்க முன் பல்சக்கரத்தருகே மாட்டும் பொருள்தான் செயின் கைடு. அவன் ஏற்கெனவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தான். மேலே ஒரு கூண்டு, கீழே ஓர் உருளை, நடுவில் தடித்த தகடு. செங்குத்து இறக்கப் பந்தயக்காரர்கள் மாட்டுகிற முழு அமைப்பு. பார்க்க அமர்க்களமாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். அவனுக்கு அன்று சொன்னதையும் பிறகு இருவருமாகச் செய்து பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முன்பெல்லாம் மலைச் சைக்கிளின் முன்புறம் இரண்டு அல்லது மூன்று பல்சக்கரங்கள் இருக்கும். அவற்றுக்கிடையே செயினைத் தள்ளும் கியர் மாற்றியின் கூண்டு எப்போதும் செயினைச் சுற்றியே நிற்கும். கியர் மாற்றுவது அதன் வேலை. செயின் தாண்டிக் குதிக்காமல் பார்த்துக்கொண்டது அது கூலியில்லாமல் செய்த வேலை. 2012இல் ஸ்ரேம் நிறுவனம் எக்ஸ்எக்ஸ்1 தொகுதியைக் கொண்டுவந்தது: முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பதினொன்று. முன் கியர் மாற்றிக்கு இடமில்லாமல் போயிற்று, அதோடு அந்தக் கூண்டும் போயிற்று. அதன் இடத்தை நிரப்ப இரண்டு ஏற்பாடுகள் வந்தன. இவற்றைப் புரிந்துகொள்ளாமல் கைடு வாங்கினால் காசு வீண்.

முதலாவது, பற்களின் வடிவம். செயினை உற்றுப் பாருங்கள்: ஒரு கண்ணியில் தகடுகள் நெருக்கமாக இருக்கும், அடுத்த கண்ணியில் விலகியிருக்கும். பழைய பல்சக்கரத்தில் எல்லாப் பற்களும் ஒரே தடிமன். அகலக் கண்ணிக்குள் பல் லொடலொடவென்று ஆடும். இப்போதைய ஒற்றைப் பல்சக்கரத்தில் ஒரு பல் தடித்தும் அடுத்தது மெலிந்தும் மாறி மாறி வருகின்றன. தடித்த பல் அகலக் கண்ணியை நிரப்பிவிடுகிறது. இப்படிப்பட்ட சக்கரங்களில் 30, 32, 34 என்று பற்கள் இரட்டைப்படையிலேயே இருப்பதற்கும் இதுதான் காரணம். கழன்ற செயினை அவசரத்தில் ஒரு கண்ணி தள்ளி மாட்டினால் தடித்த பல் குறுகிய கண்ணியின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பத்தடி போவதற்குள் மறுபடி கழலும். இரண்டாவது முறை கழன்றதற்குச் சைக்கிளைத் திட்டுகிறவர்கள் சிலர் உண்மையில் தங்கள் கையைத்தான் திட்டவேண்டும்.

இரண்டாவது, கிளச். பின்சக்கரத்தின் அருகே தொங்கும் பின் கியர் மாற்றியான டிரெய்லியரின் கை, குலுங்கும்போது முன்னோக்கி ஆடும்; ஆடினால் செயின் தளரும். அந்த ஆட்டத்தை உராய்வால் அடக்குவதே கிளச். ஷிமானோவும் ஸ்ரேமும் 2011, 2012 வாக்கில் இதைப் பரவலாக்கின. ஷிமானோவின் பலவற்றில் ஒரு சிறு லீவர் இருக்கும்: மேலே தூக்கினால் கிளச் வேலை செய்யும், கீழே இறக்கினால் ஓய்வு. பின்சக்கரத்தைக் கழற்றும்போது இறக்கிக்கொள்ளலாம்.

இவ்விரண்டும் புதிதாக இருக்கும்வரை நம்மூர்த் தடங்களில் செயின் கழல்வது அபூர்வம். ஆனால் சராசரியாக ஆண்டில் 170 நாள்போல் மழை பெய்கிற ஊரில் எதுவும் நெடுநாள் புதிதாக இருப்பதில்லை. செம்மண் சேறு செயினுக்குள் போய் அரைக்கிறது. வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் குழாயை முழுதாகத் திறந்துவிட்டுச் சைக்கிளைக் குளிப்பாட்டுகிறோம். தண்ணீர் கிளச்சுக்குள் இறங்கி, உள்ளிருக்கும் கிரீஸைக் கரைத்து, துருவைக் குடியேற்றுகிறது.

அதனால் கடைக்குப் போவதற்கு முன் அளவுகோல் ஒன்றை எடுங்கள். செயினை இழுத்துப் பிடித்து, ஓர் ஆணியின் நடுவிலிருந்து இருபது கண்ணி தள்ளியிருக்கும் ஆணியின் நடுவரை அளந்தால் புதுச் செயினில் 254 மி.மீ. வரும். பதினோரு, பன்னிரண்டு கியர் செயின்களில் இது அரை விழுக்காடு நீண்டு 255.3 மி.மீ.யை நெருங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அக்கா மகனின் செயின் 256ஐத் தாண்டியிருந்தது. முன் பல்சக்கரத்தின் பற்கள் ஒருபக்கமாகத் தேய்ந்து சுறாவின் முதுகுத்துடுப்புபோல் சாய்ந்திருந்தன. டிரெய்லியரின் கையை விரலால் முன்னே தள்ளினேன். எதிர்ப்பே இல்லாமல் போய்வந்தது. மூடியைத் திறந்து கிளச்சுக்குக் கிரீஸ் வைத்து, உராய்வைச் சற்று இறுக்கினோம். புதுச் செயினும் புதுப் பல்சக்கரமும் மாட்டினோம். பழைய செயின் தேவைக்குமேல் இரண்டு கண்ணி நீளமாகவும் இருந்திருக்கிறது. யாரோ கணக்குத் தவறி வெட்டியிருக்கிறார்கள்.

அடுத்த இரண்டு வாரங்கள் செஸ்நட்டிலும் புக்கிட் தீமாவிலும் ஓட்டினான். ஒரே ஒருமுறை கழன்றது. மூன்றிலிருந்து ஒன்று, அதுவும் கைடே இல்லாமல். அந்த ஒன்றுக்காகத்தான் இனி கைடைப் பற்றிய பேச்சு.

கைடே வேண்டாம் என்பதும் ஒரு தேர்வுதான். பழைய ரயில் பாதை இருந்த வழித்தடம், பூங்கா இணைப்புப் பாதைகள் என்று ஓட்டுகிறவர்களுக்கு எதுவும் தேவையில்லை. அந்த 24 கிலோமீட்டர் வழித்தடத்தில் செயின் கழன்றால் அங்கே குறை கைடில் இல்லை, செயினில்தான்.

இணையக் கடைகளில் ஓரிரு கோப்பிக் காசுக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் விரல் ஒன்று உண்டு. இருக்கைக் குழாயில் மாட்டினால் செயின் உள்பக்கம் விழாமல் தடுக்கும். இரண்டு பல்சக்கரம் உள்ள சாலைச் சைக்கிள்களுக்காக வந்த பொருள் அது. அங்கே வெளிப்பக்கத்தை முன் கியர் மாற்றியின் கூண்டு பார்த்துக்கொள்கிறது. ஒற்றைப் பல்சக்கரத்தில் செயின் வெளிப்பக்கமும் விழும். பாதிக் கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

அக்கா மகன் ஆசைப்பட்ட முழு அமைப்புக்கு வருகிறேன். கீழே உள்ள உருளை, செயினைப் பல்சக்கரத்தின் அடிப்பகுதியில் இன்னும் சில பற்களோடு அணைத்துப் பிடிக்கிறது. மணிக்கு அறுபது கிலோமீட்டரில் பாறைமேல் இறங்குகிறவனுக்கு அதில் பொருளுண்டு. அங்கே செயின் இல்லையென்றால் பந்தயமே போய்விடும். ஒரு விதிவிலக்கு இருக்கிறது: 2015இல் ஆஸ்திரியாவின் லியோகாங் உலகக் கோப்பைப் பந்தயத்தில் செங்குத்து இறக்க வீரர் ஆரன் குவினுக்குத் தொடக்கத்திலேயே செயின் அறுந்துபோனது, மிதிக்காமலே இறங்கி அவர் வென்றார். நமக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. நாட்டின் மிக உயர்ந்த இயற்கைக் குன்றான புக்கிட் தீமாவே 164 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இங்கே ஒரு நிமிடம் இறங்கினால் மூன்று நிமிடம் மிதிக்கவேண்டும். மிதிக்கும் நேரமெல்லாம் அந்த உருளை சுழன்று, உரசி, ஓசையிடும். மழை விட்ட மறுநாள் களிமண் அதைச் சுற்றி அப்பிக்கொண்டால் கொழுக்கட்டை பிடித்த கைபோல் ஆகிவிடும். எடையும் மற்றவற்றைவிடக் கூடுதல், விலையும் அப்படியே. சிங்கப்பூரில் மட்டும் ஓட்டுகிறவருக்கு இது தேவையில்லை என்பது என் திடமான கருத்து.

மிஞ்சுவது மேல் கைடு. செயின் பின்னாலிருந்து வந்து பல்சக்கரத்தின் உச்சியில்தான் பற்களைப் பிடிக்கிறது. குலுக்கலில் எழும் அலை அந்த இடத்தில் செயினைப் பக்கவாட்டில் தள்ளினால், ஒரு கண்ணி பல்லின்மேல் ஏறும். பின்னால் வருபவை வரிசையாக அதைத் தொடரும். அந்த ஓர் இடத்தில் மட்டும் இருபுறமும் சுவர், மேலே கூரை என்று ஒரு சிறு கூடு வைப்பதுதான் மேல் கைடு. செயினைத் தொடாமல் சுற்றி நிற்பதால் மிதிக்கும்போது எந்த உராய்வும் இல்லை. எடையும் ஒரு கோழிமுட்டையின் அளவுக்குள் அடங்கிவிடும். பழைய முன் கியர் மாற்றி இலவசமாகச் செய்துவந்த வேலையை இப்போது காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம், அவ்வளவுதான்.

ஒன்அப், எம்ஆர்பி, இ தர்ட்டீன், உல்ஃப் டூத் என்று பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. எந்த நிறுவனம் என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். உங்கள் சட்டகத்தில் அதை எங்கே பிடிப்பது என்பதுதான் முதல் கேள்வி. பலர் வழுக்கி விழுவதும் இங்கேதான்.

கிராங்க் சுழலும் அச்சைச் சுற்றிச் சட்டகத்திலேயே மூன்று திருகுத்துளைகள் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இப்போதைய சட்டகங்களில் அது ஐஎஸ்சிஜி 05 என்ற தரம். அதற்கு முந்திய ஐஎஸ்சிஜி தரத்தில் துளைகளின் இடைவெளி வேறு. மிகப் பழைய சட்டகம் என்றால் அளந்து பார்த்துத்தான் வாங்கவேண்டும். இந்தத் துளைகளில் மாட்டிய கைடு அசையாது, திரும்பாது. அக்கா மகனின் சைக்கிளில் மூன்றும் இருந்தன; முன்பு வைத்திருந்தவர் தொட்டதாகவே தெரியவில்லை, வண்ணப்பூச்சு உள்ளே காய்ந்து கிடந்தது.

துளை இல்லாதவர்களுக்கு ஒரு வழி, கிராங்கின் அச்சைத் தாங்கும் கிண்ணத்துக்கும் சட்டகத்துக்கும் நடுவில் இறுக்கும் தகடு. கிண்ணம் மரையிட்டுத் திருகும் வகையாக இருந்தால் மட்டுமே இது நடக்கும். அழுத்திச் செருகும் வகையில் நடக்காது. ஒரு கட்டையில் பலமாக இடித்தால் தகடு சுழன்று கைடு செயின்மேல் சாய்ந்துகொள்ளும் அபாயமும் உண்டு. வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

இன்னொரு வழி, இருக்கைக் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையம். குழாயின் வெளிவிட்டம் 28.6, 31.8, 34.9 மி.மீ. ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கவேண்டும். என் பழைய அலுமினிய சைக்கிளில் முன் கியர் மாற்றி இருந்த இடம் காலியாகவே கிடக்கிறது, அந்த 34.9 மி.மீ. குழாயில் கைடின் வளையம் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது. பின்புறச் சஸ்பென்ஷன் உள்ள பல சட்டகங்களில் இருக்கைக் குழாய் வளைந்தோ, கீழே அச்சுக்கு இடம் விட்டு ஒதுங்கியோ இருக்கும். அங்கே வளையம் பொருந்தாது. கார்பன் குழாயென்றால், தயாரித்தவர் அந்த இடத்தில் வளையம் மாட்டலாம் என்று சொல்லியிருந்தால் ஒழிய இறுக்காதீர்கள். இலகுவான கைடு ஒன்றுக்காகச் சட்டகத்தை நசுக்குவது பெரிய செலவு.

சில சட்டகங்களில் முன் கியர் மாற்றியை நேரடியாகத் திருகும் துளைகள் இன்னும் இருக்கின்றன. அதற்கேற்ற கைடும் கிடைக்கும். அது இருந்தால் வளையத்தைவிடச் சுத்தமான தீர்வு.

பல்சக்கரத்தின் பக்கவாட்டு இடத்தையும் பார்க்கவேண்டும். சட்டகத்தின் நடுக்கோட்டிலிருந்து செயின் இருக்கும் தூரம் பழைய சைக்கிள்களில் 49 மி.மீ. அளவில் இருந்தது, பிறகு 52 ஆயிற்று, புதியவற்றில் 55. நல்ல கைடுடன் மெல்லிய வளையத் தகடுகள் வரும், அவற்றைச் சேர்த்தோ எடுத்தோ சரிசெய்யலாம். மலிவான சிலவற்றில் அது இருக்காது. நான் விலைக்காக ஏமாந்த ஒன்று, மிகப் பெரிய பின்பல்லில் போகும்போதெல்லாம் தேங்காய் துருவுவதுபோல் சத்தம் போட்டது. முட்டை வடிவப் பல்சக்கரம் வைத்திருப்பவர்கள் கைடின் உயரத்தை அதன் உயர்ந்த பகுதிக்கு ஏற்ப வைக்கவேண்டும்.

கீழே ஒரு காப்புத்தகடு வேண்டுமா என்பது தனிக் கேள்வி. பாஷ் கார்டு என்று கேட்டால் கடையில் புரியும். செயின் விழாமலிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை; பல்சக்கரம் பாறையில் மோதிப் பல் வளையாமல், செயின் நசுங்காமல் பார்ப்பதே இதன் வேலை. மேல் கைடும் காப்புத்தகடும் சேர்ந்து ஒரே பொருளாக வருவதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். முடிவெடுக்க எளிய வழி: சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பல்சக்கரத்தின் பற்களில் வெள்ளை வெள்ளையாகக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு ஆண்டு ஓட்டிய என் 32 பல் சக்கரத்தில் ஒரு வடுவும் இல்லை. எனக்குத் தகடு தேவையில்லை. அக்கா மகன் கேத்தாமில் கறுப்பு வைரக் குறியிட்ட கடினமான பகுதிகளில் படிக்கட்டு இறங்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். உபின் கருங்கல் வெட்டி எடுத்த தீவு. அந்தக் கல் மனிதரை மதிக்காது. அவன் சக்கரத்தில் மாட்டிய இரண்டாவது வாரமே இரண்டு பற்களின் நுனி மழுங்கியிருந்தது. அவனுக்குத் தகடு வேண்டும்.

இதிலும் ஒரு விலை உண்டு. சட்டகத்தின் திருகுத்துளைகளில் மாட்டிய தகட்டில் விழும் அடி சட்டகத்துக்குத்தான் போகிறது. கிராங்கில் மாட்டும் வட்டத்தகட்டில் விழும் அடி கிராங்குக்கும் அச்சுக்கும் போகும். முன்னதில் துளைகள் இருக்கும் சட்டகத்தின் காது வளையலாம், பின்னதில் அச்சின் பேரிங் கெடலாம். பேரிங்கை மாற்றுவது எளிது. ஆனாலும் அவன் ஓட்டுகிற வேகத்துக்கும் எடைக்கும் சட்டகம் தாங்கும் என்று கணக்கிட்டு, மூன்று துளைகளிலும் பிடிக்கும் மேல் கைடு, கீழ்த்தகடு இரண்டும் சேர்ந்த வகையை வாங்கினோம். பாறை இல்லாமல் வேரும் மண்ணும் மட்டும் ஓட்டுகிறவர் மேல் கைடோடு நிறுத்திக்கொள்ளலாம். அதன் விலை கணிசமாகக் குறைவு.

மாட்டியது எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், ஒரு சனிக்கிழமை மாலை. முதலில் துளைகளில் காய்ந்திருந்த வண்ணத்தைச் சுரண்டி எடுத்தோம். திருகுகளில் ஒரு சொட்டு நீலப் பசை வைத்தோம். அது இல்லாமல் மாட்டிய கைடின் திருகு தடத்தில் எங்கோ உதிர்ந்து, அதைத் தேடி இலைச்சருகைக் கிளறியவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர். செயினுக்கும் கைடின் கூரைக்கும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அளக்கக் கருவி இல்லை. இரண்டு ஈசி-லிங்க் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செருகினேன், கணக்கு ஒன்றரைக்கு வந்தது. பிறகு மிகச் சிறிய பின்பல், மிகப் பெரிய பின்பல் இரண்டிலும் செயினைப் போட்டுச் சுவர் உரசுகிறதா என்று பார்த்தோம். பெரியதில் லேசாக உரசியது. ஒரு வளையத் தகட்டை எடுத்ததும் ஓசை நின்றது. கடைசியில் அவனைச் சைக்கிளில் ஏறி உட்காரச் சொன்னேன். சஸ்பென்ஷன் அமிழ்ந்தபின் செயினின் கோணம் மாறும். அவன் தூணைப் பிடித்துக்கொண்டு குதிக்க, நான் குனிந்து கிராங்கைப் பின்னோக்கிச் சுற்ற, மின்தூக்கிக்குக் காத்திருந்த பாட்டி ஒருவர் எங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் செஸ்நட்டில் அவன் பின்னால் ஓட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வேரிலும் அவன் சைக்கிளிலிருந்து தட் தட் என்று செயின் பின்குழாயை அடிக்கும் சத்தம். செயின் விழவில்லை; கைடு பிடித்துக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிக் குனிந்து பார்த்தேன். கிளச் லீவர் கீழே இறங்கிக் கிடந்தது.

"பின்சக்கரத்தை எப்போது கழற்றினாய்?"

"டியூப் மாற்றியபோது. போன மாதம், மாமா."

லீவரை மேலே தள்ளினேன். டக்கென்று ஏறி நின்றது.